வெட்டிய தென்னை சூளை விறகுக்கு மட்டும்தானா?

வயதான தென்னைகளை வெட்டப் போகிறீர்கள், செங்கல் சூளைக்காரர் மட்டும்தான் விலை கேட்கிறார் என்கிறீர்கள். அவசரப்பட்டு மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

வேம்பு, தேக்குக்கு வைரம், அதாவது கெட்டியான பாகம், உள்ளே. தென்னைக்கும் பனைக்கும் வெளியே. இதை வைத்துத்தான் பழைய தமிழ் இலக்கணம் இவற்றை மரம் என்னாமல் புல் என்றது! 50, 60 வயது கடந்த தென்னையின் அடிப்பகுதியில், பட்டையை ஒட்டிய பாகம் கைமரம், சட்டம், பலகைக்கு நன்றாகத் தாங்கும். நடுவிலுள்ள மெதுவான சோறு உதவாது. ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும், அதனால் அறுவைக்கூலி கொஞ்சம் கூடலாம். அறுத்ததை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கிக் காயவிடுங்கள். ஈரமண்ணில் பட்டால் இற்றுவிடும். நுனிப்பகுதி சூளைக்கே போகட்டும்.

தோப்பிலேயே போட்டு மட்கவிடுவது மட்டும் வேண்டாம். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பிறகு மிச்சமுள்ள மரங்களின் குருத்தைத் துளைக்கும்.