காரை நிறுத்தும் பழக்கத்தை மாற்றினால் மாசு குறையுமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் நீங்கள், காரை நிறுத்தும் விதத்தை மாற்றுவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு, எம்.சி. ரோடு போன்ற கடைத்தெருவில் அது கண்கூடு.

பண்டிகைக் காலத்தில் அங்கே துணி எடுக்க வருபவர்கள், கடை வாசலிலேயே இடம் வேண்டுமென்று ஊர்ந்து சுற்றுவதும், ஒருவர் உள்ளே போக மற்றவர் ஏ.சி.யை ஓடவிட்டுக் காத்திருப்பதும் வழக்கம். ஓரிரு நிமிடம் நிற்பதானாலும் எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்குவதே எரிபொருளை மிச்சப்படுத்தும். எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. உடன் வரும் நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பவர் நடைபாதையில் கடை விரித்திருக்கும் வியாபாரி. ஆகவே, கிடைத்த முதல் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள். விம்கோ நகர் பக்கமிருந்து துணி எடுக்க வரும் உறவினர்களுக்கு 2021 முதல் மெட்ரோ ரயிலே இருக்கிறது.

நிழலில் நிறுத்தினால் ஏ.சி.யின் சுமை குறையும். ஆனால் மரத்தின் வேரடி மண்ணை டயர் இறுக்காதபடி தள்ளி நிறுத்த வேண்டும்.

ஆயில் கசிவையே நான் பெரிதாகக் கருதுகிறேன். தரையில் சொட்டும் ஆயில், மழை பெய்ததும் வடிகால் வழியே பக்கிங்காம் கால்வாயில் கலந்துவிடக்கூடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து எண்ணூர் மீனவர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். இரவில் எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறை தெரிந்தால், அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.