மாய்ஸ்சரைசர் எரிகிறதா? முதலில் அந்த டியூபைப் படியுங்கள்

கேள்வி: வயது 23. எண்ணெய் வழியும் முகம், கன்னத்திலும் தாடையிலும் பரு. ஒரு நாளைக்கு ஐந்து முறை முகம் கழுவுகிறேன். யூடியூப் பார்த்து வாங்கிய சீரம் மூன்று இருக்கிறது. நான்கு மாய்ஸ்சரைசர் மாற்றியும் எல்லாமே எரிகிறது. க்ரீம்களில் சேர்க்கும் டைமெத்திகோன் என்ற சிலிகோன் துளையை அடைக்கும் என்று படித்ததிலிருந்து பயம் வேறு. மெடிக்கலில் கொடுத்த வெள்ளை க்ரீம் மட்டும்தான் எட்டு மாதமாக ஒத்துக்கொள்கிறது. தங்கைக்கும் கொடுத்தேன். என் முகத்துக்கு எந்த மாய்ஸ்சரைசர் சரி? முகம் கெட்டுப்போய்விடுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: எரிகிற நான்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒத்துக்கொள்கிறது என்கிறீர்களே, அந்த ஐந்தாவதுதான் உறுத்துகிறது.

டியூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுயினோனும் டிரெட்டினாயினும் இருந்தால், மங்குக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித்தரும் கூட்டு மருந்து அது. பருவுக்கு உரியதல்ல, கலர் வருவதற்கும் அல்ல. 2018-லேயே 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு கதை.

போட்ட புதிதில் முகம் பளிச்சென்று இருக்கும். ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிவிடும். தோலோ மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே வரும். சில மாதத்தில் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு, வெயிலில் நின்றால் எரிச்சல், கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய், பூனைமுடி என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு நாள் விட்டால் முகம் காந்தும். மறுபடி போட்டால் அடங்கும். இதைத்தான் ஒத்துக்கொள்கிறது என்று நினைக்கிறீர்கள். கை நடுக்கம் நிற்கக் காலையிலேயே ஒரு கட்டிங் ஒத்துக்கொள்வதும் இப்படித்தான்.

ஆகவே அதில் ஸ்டீராய்டு இருந்தால், இந்த வாரமே டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். டியூபில் பெயரே இல்லை என்றாலும் போங்கள். எட்டு மாதம் போட்டதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கலாம். அந்தப் பயத்தில் மறுபடி அதே டியூபைத்தான் தேடுவீர்கள். குறைத்துக் குறைத்து விடுவதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தாடைப் பருவுக்கும் முகத்தில் முடி வளர்வதற்கும் ஹார்மோனும் காரணமாக இருக்கலாம்.

மாய்ஸ்சரைசருக்கு வருவோம். எண்ணெய்ப்பசை வேறு, ஈரப்பதம் வேறு. வழிகிற முகமும் உள்ளுக்குள் வறண்டிருக்கலாம். ஐந்து முறை ஃபேஸ்வாஷ் போட்டால் வறளாமல் என்ன செய்யும்? இரண்டு முறை போதும். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர். வாசனை சேர்க்காத ஜெல் அல்லது லேசான லோஷனாக வாங்குங்கள். கிளிசரின், செராமைடு, ஹையலுரோனிக் அமிலம் இருந்தால் நல்லது. டைமெத்திகோன் துளையை அடைக்காது, அந்தப் பயத்தை விடுங்கள். ‘நான்-காமிடோஜெனிக்’, அதாவது துளையை அடைக்காதது, என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அதை முத்திரையாக நம்ப வேண்டாம்; கம்பெனிகள் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் வார்த்தை அது. தாடை ஓரத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகம் முழுக்கப் போடுங்கள். விலைக்கும் பலனுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

மூன்று சீரத்தையும் இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். எலுமிச்சையையும் டூத்பேஸ்ட்டையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வேண்டாம். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற உண்மையான பரு மருந்துகளைத் தோல் ஆறிய பிறகு மருத்துவரே தொடங்குவார். அப்போது அவை உண்டாக்கும் வறட்சியைத் தாங்கவும் இதே மாய்ஸ்சரைசர் வேண்டியிருக்கும்.

முகம் கெட்டுப்போய்விடாது. ஆறுவதற்குச் சில மாதங்கள் ஆகும், அவ்வளவுதான். பருவைக் கிள்ளாமல் இருந்தால் கறுப்புத் தடங்களும் மெல்ல மங்கிவிடும்.

தங்கைக்குக் கொடுத்து எத்தனை நாள் ஆகிறது என்று எழுதவில்லை. ஓரிரு வாரம்தான் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்றால் அவரையும் கூடவே கூட்டிப்போங்கள்.