இன்னும் அசைவு தெரியவில்லை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாலைந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு இது தலைப்பிரசவம். 19 வாரம் முடியப்போகிறது.

முதல் மூன்று மாதமும் மசக்கை என்னைப் புரட்டிப் போட்டது. தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்தது. இது எப்போது தீரும் என்று அழுதிருக்கிறேன். 15-வது வாரத்தில் ஒருநாள் காலையில் எழுந்தால் குமட்டலே இல்லை. சந்தோஷப்படுவதற்குப் பதில் பயந்துவிட்டேன், உள்ளே ஏதாவது ஆகிவிட்டதோ என்று. டாக்டர் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார். நன்றாக இருந்தது. அந்தத் தைரியம் நாலு நாள்தான் தாங்கியது.

இந்த நடு மூன்று மாதம்தான் பொற்காலம், அனுபவி என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னத்தை அனுபவிப்பது? வாந்தியும் இல்லை, வயிறும் அவ்வளவாகத் தெரியவில்லை, அசைவும் இல்லை. கூட வேலை பார்ப்பவருக்கு 16-வது வாரத்திலேயே அசைவு தெரிந்ததாம். என் கணவர் தினமும் ராத்திரி வயிற்றில் கைவைத்துப் பேசுகிறார். நான் பேச முயன்றால் யாரோ எழுதிக்கொடுத்த வசனத்தை ஒப்பிப்பது போல இருக்கிறது. எனக்குக் குழந்தைமேல் பாசமே வரவில்லையோ? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. அடுத்த வாரம் பெரிய ஸ்கேன். நினைத்தாலே கை சில்லிட்டுப் போகிறது.

வெளியிடலாம், பெயர் மட்டும் வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை 'வாந்தியும் இல்லை, வயிறும் தெரியவில்லை, அசைவும் இல்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உங்கள் கஷ்டம் முழுக்க அந்த வரியில் இருக்கிறது. மசக்கை என்னதான் படுத்தினாலும் அது ஒரு அத்தாட்சி. உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்று உடம்பு மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டே இருந்தது. அது போய்விட்டது. அடுத்த அத்தாட்சியான அசைவு இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் ஐந்தாறு வாரம் ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கிறது. நீங்கள் இப்போது அங்கே இருக்கிறீர்கள். பொற்காலம் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பின்னால் வந்த உதைகளை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய மௌனத்தை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குமட்டல் நின்றதில் பயப்பட ஒன்றுமில்லை. கரு பதிந்த முதல் வாரங்களில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் கிடுகிடுவென ஏறுகிறது. 9, 10-வது வார வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்களைச் சுரக்கும் பொறுப்பை அந்தச் சமயத்தில் நஞ்சுக்கொடி தன் கையில் எடுத்துக்கொள்கிறது. 14-லிருந்து 16 வாரத்துக்குள் பெரும்பாலான பெண்களுக்கு மசக்கை அடங்கிவிடும். உங்களுக்கும் அந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

வெளியே தெரியாவிட்டாலும் உங்கள் உடம்பு இப்போது சும்மா இல்லை. ரத்தத்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. கடைசி மாதங்களுக்குள் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதலாகிவிடும். ரத்த அணுக்களைவிட அதிலுள்ள நீர்ப்பகுதி வேகமாகக் கூடுவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கியதுபோலக் காட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதீர்கள். ரத்தக் குழாய்கள் தளர்ந்து கொடுப்பதால் ரத்த அழுத்தமும் இந்த மாதங்களில் தாழ்ந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டுவது அதனால்தான். தும்மும்போதோ புரண்டு படுக்கும்போதோ அடிவயிற்றில் ஒரு பக்கம் சுரீரென்று இழுக்கிறதா? கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் நீள்கிறது. 12-வது வாரம் வரை இடுப்பெலும்புக்குள் ஒளிந்திருந்த கர்ப்பப்பை 20-வது வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும். தலைப்பிள்ளை என்றால் வயிற்றுத் தசை இன்னும் இறுக்கமாக இருக்கும், அதனால் வயிறு மெதுவாகத்தான் தெரியும்.

இனி அசைவு. குழந்தை 7, 8-வது வாரத்திலிருந்தே அசைந்துகொண்டுதான் இருக்கிறது. உங்களுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் 18-லிருந்து 20 வாரத்துக்குள் தெரியும். சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். இரண்டாவது பிள்ளை என்றால் 16-லேயே தெரிந்துவிடுவது சகஜம், ஏனென்றால் அந்த உணர்வு இன்னதென்று அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். கூட வேலை பார்ப்பவருக்கு அது எத்தனையாவது பிள்ளை என்று கேட்டுப் பாருங்கள். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். கர்ப்பப்பையின் முன்சுவரில் இருந்தால், உங்கள் வயிற்றுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்த மாதிரி ஆகிவிடும். சின்னச் சின்ன உதையெல்லாம் அதில் அமுங்கிப் போகும். 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

வீட்டிலேயே இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வாங்கிவிடாதீர்கள். உங்கள் மனநிலையில் அது ரொம்ப ஆசை காட்டும். பழக்கமில்லாத கையில் அது பல சமயம் அம்மாவின் நாடியையே குழந்தையுடையது என்று காட்டிவிடும். ஒன்றும் கேட்காத ராத்திரி நீங்கள் தூங்க மாட்டீர்கள். உண்மையிலேயே போய்க் காட்டவேண்டிய ஒரு நாளில் அது பொய்த் தைரியம் கொடுத்து உங்களை வீட்டில் உட்கார வைத்துவிடலாம். இந்தப் பொய்த் தைரியம்தான் ஆபத்து. ரத்தப்போக்கோ நீர்க்கசிவோ இருந்தாலும், விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கினாலும் எந்தக் கருவியையும் கேட்காமல் கிளம்பிப் போய்விடுங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். என் மூத்தவள் 21-வது வாரத்தில்தான் தெரிந்தாள். மத்தியானம், மேசையில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். தொப்புளுக்கு நாலு விரற்கடை கீழே, இடதுபக்கம், கண்ணிமை தானாகத் துடிக்குமே, அந்த மாதிரி ஒன்று. வாயு என்று நினைத்து வேலையைப் பார்த்தேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் வாயு என்றே நினைத்தேன். நாலாம் நாள் ராத்திரி ஒருக்களித்துப் படுத்து அசையாமல் இருந்தபோது அதே இடத்தில் இரண்டு தடவை வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போதுதான் புரிந்தது. ஆனந்தக் கண்ணீரெல்லாம் வரவில்லை. என் உடம்புக்குள் நான் செய்யாத ஒரு அசைவு நடக்கிறதே என்ற திகைப்புத்தான் வந்தது. பாசம் என்று நானே அடையாளம் கண்டுகொண்டது அவள் பிறந்து பதினோராம் நாள் விடியற்காலையில். பால் குடித்து முடித்து, உதட்டோரம் ஒரு சொட்டு நிற்க, அந்த முகத்துக்குப் பொருந்தாத அளவில் பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள். அதுவரை நானும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன், எஸ்.

அசைவு தெரியும் கணத்துக்கு ஒருகாலத்தில் சட்டத்திலேயே இடம் இருந்தது. கருவைக் கலைப்பதற்கு எதிராக இங்கிலாந்தில் 1803-ல் கொண்டுவந்த சட்டம், அசைவு தெரியும் முன் ஒரு தண்டனை, தெரிந்தபின் அதைவிடக் கடுமையான தண்டனை என்று பிரித்து வைத்தது. 1837-ல்தான் அந்தப் பிரிவினை போயிற்று. உள்ளே பார்க்க வேறு வழியே இல்லாத காலம் அது. ஒரு பெண் தன் உடம்பில் உணர்ந்து சொல்வதே சாட்சி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவருடன் இருந்தவர்களும் ஒலியலைகளால் எடுத்த படங்களை மருத்துவ இதழில் வெளியிட்டது 1958-ல். அதற்கு முன்னால் பிள்ளை பெற்ற அத்தனை பெண்களும், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மௌனத்தில் ஸ்கேன்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கை சில்லிட்டிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வார ஸ்கேனைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுப்பவர் பேசமாட்டார். முதலில் தலை, கை, கால் என்று காட்டுவார். இதயத்துக்கு வந்ததும் முகம் இறுகி, வாய் மூடிக்கொள்ளும். திரையில் நாலு அறைகளும் சரியான கோணத்தில் விழவேண்டும், ஒவ்வொன்றாக அளக்கவேண்டும், அதுவரை மூச்சுக்கூட அளந்துதான் விடுவார். அந்த மௌனத்தை நான் அபசகுனமாக எடுத்துக்கொண்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போனது. அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், வேறொன்றுமில்லை. அதுவும் என் பிள்ளை குப்புறச் சுருண்டு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. வெளியே அனுப்பி இருபது நிமிடம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். உங்களையும் அப்படி அனுப்பினால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதுகெலும்பு முத்துக் கோத்த மாதிரி தெரியும். வயிறு ஒரு கறுப்புக் குமிழியாகத் தெரியும். தலையிலிருந்து குதிகால் வரை சுமார் 25 சென்டிமீட்டர், எடை முந்நூறு கிராமுக்கு மேல். நஞ்சுக்கொடி தாழ்ந்திருக்கிறது என்று எழுதினாலும் உடனே கலங்கவேண்டாம், கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலே போய்விடும். பின்னால் இன்னொரு ஸ்கேனில் உறுதி செய்துகொள்வார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, எந்த ஸ்கேனும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. பெரும்பாலானவர்கள் நிம்மதியாகத்தான் வெளியே வருகிறார்கள். தனியாகப் போகாதீர்கள்.

பாசம் வரவில்லையோ என்று கேட்டீர்கள். குழந்தை நல மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1956-ல் எழுதிய ஒரு கட்டுரையில், தாய் தன் குழந்தையிலேயே முழுக்க மூழ்கிப்போகும் நிலை கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில்தான் கூடிவருவதாகச் சொல்கிறார். பிறந்தபின் சில வாரங்கள் அது நீடிக்குமாம். நீங்கள் இன்னும் பாதி வழியில் இருக்கிறீர்கள். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைமேல் ஒன்றும் தோன்றாமல் இருப்பது வேறு, எதன்மேலும் ஒன்றும் தோன்றாமல் இருப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிடித்த காரியங்களும் வெறுத்து, நாள் முழுக்க மனம் கனத்தே கிடந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். கர்ப்ப காலத்திலும் மனச்சோர்வு வரும், அதற்கு வைத்தியம் இருக்கிறது. டாக்டரிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஆரம்பித்தால் போதும். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது பயம். பாசமே இல்லாதவர் நாலு நாள் தைரியத்தைக் கணக்கு வைத்திருக்க மாட்டார்.

ராத்திரி வயிற்றோடு பேச வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னும் சில வாரம் போனால் குழந்தை சத்தத்துக்கு அசைந்துகொடுக்க ஆரம்பிக்கும். அதற்கு எட்டும் குரல்களில் உங்கள் குரல்தான் பலமானது, உங்கள் உடம்பு வழியாகவே உள்ளே போகிறது. நீங்கள் போனில் யாரிடமோ கணக்குக் கேட்பதும், கணவரைக் கூப்பிடுவதும், தனக்குள் முணுமுணுப்பதும் அதற்குக் கேட்கும். தனியாக வசனம் வேண்டாம். அவர் பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். நஞ்சுக்கொடி முன்சுவரிலா பின்சுவரிலா என்று மறக்காமல் கேட்டுக்கொண்டு வாருங்கள், நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
அக்கா