'ஸ்லீப் வித்' என்றால் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள்?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் மேற்படிப்பு படிக்கிறாள். இங்கே ஒரு கல்யாண வீட்டில் இடம் பத்தாமல் அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்த கதையை அறைத்தோழிகளிடம் சொல்லும்போது 'ஐ ஸ்லெப்ட் வித் மை கசின்ஸ்' என்றாளாம். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அவள் சொன்னதில் என்ன தப்பு? (வாசகி, திருச்சி)

பதில்: இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. பெரியவர்கள் இருவரைப் பற்றி 'ஸ்லீப் வித்' என்று வந்துவிட்டால் தூக்கம் என்ற பொருள் பின்னுக்குப் போய் உடலுறவு என்ற பொருள்தான் முன்னால் நிற்கும். நம்மிடமும் 'அவனோடு படுத்தாள்' என்றால் யாரும் தூக்கத்தை நினைப்பதில்லையே. கைக்குழந்தை அப்பா அம்மாவோடு தூங்குகிறது என்று சொல்வதில் சிக்கல் வராது, அங்கே ஆள் யார் என்பதே அர்த்தத்தைக் காட்டிவிடுகிறது. உங்கள் மகள் 'வீ ஆல் ஸ்லெப்ட் இன் தி ஹால்' என்று இடத்தைச் சொல்லியிருந்தால் போதும், அல்லது 'ஐ ஷேர்டு எ ரூம் வித் மை கசின்ஸ்'.

இந்த மாதிரித் தொடர்களில் கடினமான சொல்லே இருக்காது, அதுதான் தொல்லை, எல்லாம் முதல் வருடம் படித்த சொற்கள் என்பதால் அகராதியைத் திறக்கவே தோன்றாது. 'மேக் அவுட்' என்றால் கையெழுத்து புரிகிறதா என்று கேட்கவும் பயன்படும், இரண்டு பேர் நெருக்கமாக முத்தமிட்டுக்கொள்வதற்கும் அதே சொல்தான். 'நாக் அப்' என்றால் பழைய பிரிட்டிஷ் வழக்கில் கதவைத் தட்டி எழுப்புவது. ஆலைத் தொழிலாளர்களை விடிகாலையில் ஜன்னலை நீளக் கம்பால் தட்டி எழுப்பிவிடுவதையே சிலர் அங்கே பிழைப்பாக வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் அதையே சொன்னால் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவது. 'ஹுக் அப்' இன்னும் குழப்பம், சந்திப்பதும் அதுதான், ஓரிரவு உறவும் அதுதான். ஆபீஸ் நண்பரைப் பார்க்க வேண்டும் என்றால் 'மீட்' என்றே சொல்லட்டும். இந்தத் தொடர்களையெல்லாம் கேட்டால் புரிகிற அளவுக்குத் தெரிந்து வைத்துக்கொண்டு, தன் வாயால் சொல்வதை நன்றாகப் பழகும் வரை தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் ஒரு பாதிரியார் ஓடும் வண்டியில் நாயகியிடம் 'மேக்கிங் வயலன்ட் லவ்' என்று வருகிறதே, அந்தக் காலத்தில் இப்படி எழுத விட்டார்களா? (வாசகர், மதுரை)

பதில்: அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த நாவல் வெளிவந்த 1815-இல் 'மேக் லவ்' என்றால் காதலைச் சொல்லி மன்றாடுவது, அவ்வளவுதான். அந்தப் பாதிரியார் எல்டன் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து முடிந்து திரும்பும்போது எம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கெஞ்சுகிறார். உடலுறவு என்ற இன்றைய பொருள் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான், அதனால் பழைய நாவலோ பழைய சினிமாவோ என்றால் வருடத்தைப் பார்த்துவிட்டு அர்த்தம் கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி லண்டன் வந்தேன். டாக்டர் 'ஆர் யூ செக்ஸுவலி ஆக்டிவ்?' என்று கேட்டார். அதில் ரொம்ப ஈடுபாடு உண்டா என்று கேட்கிறார் என நினைத்து வெட்கப்பட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். இதனால் ஏதாவது ஆகுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அடுத்த முறை போகும்போது முதல் வேலையாக இதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள் அம்மா, தயங்கவே வேண்டாம். எவ்வளவு ஈடுபாடு என்று அவர் கேட்கவில்லை, உடலுறவு உண்டா இல்லையா என்று மட்டும்தான் கேட்டார். கணவரோடு மட்டும் என்றாலும், எப்போதாவது என்றாலும் பதில் 'யெஸ்'தான். நீங்கள் 'நோ' என்றால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டு மருந்தை எழுதிவிடலாம், தேவையான பரிசோதனையையும் விட்டுவிடலாம். 'டூ யூ யூஸ் ப்ரொடெக்ஷன்?' என்று கேட்டால் ஆணுறை மாதிரி ஏதாவது பயன்படுத்துகிறீர்களா என்று அர்த்தம்.

மொழி தெரியாதவர்களிடம் டாக்டர்களும் இதைப் பூசி மெழுகிக் கேட்கக் கூடாது என்று எனக்குக் கோபமே வரும். புரியாவிட்டால் 'வாட் டூ யூ மீன்?' என்று நேராகக் கேளுங்கள். அங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் பேசும் ஒரு பெண் வேண்டும் என்று சொல்லி வையுங்கள், அப்புறம் இந்த விஷயங்களைப் பேச கணவரையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.