அப்பாவின் நெஞ்சில் கேட்கும் ‘டிக் டிக்’

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 60 வயது. 6 வருடத்துக்கு முன் இருதயத்தில் மகாதமனி வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். இப்போது செம்பனைக் குலை வெட்டப் போகிறார். “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று 2 வாரமாக, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த வார்ஃபரின் மாத்திரையைப் போடுவதில்லை. கீரை சாப்பிட முடியவில்லை என்ற கோபம் வேறு. இந்த வால்வு எத்தனை வருடம் வரும்? மாத்திரை கட்டாயமா?

பதில்: அன்புத் தங்கைக்கு, இதைப் படித்த கையோடு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கவும் விடாதீர்கள். எவ்வளவு போட வேண்டும் என்பதை ரத்தம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உலோக வால்வு லேசில் தேயாது. 20, 30 வருடம் ஓடியவர்கள் இருக்கிறார்கள். மாட்டுத் திசுவிலோ பன்றி வால்விலோ செய்தது என்றால் 10, 15 வருடத்தில் பழுதாகத் தொடங்கலாம். ஆனால் அதற்கு ஆயுள் முழுக்க வார்ஃபரின் பெரும்பாலும் தேவைப்படாது. அப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை. உலோகத்தைத் தொட்டு ஓடும் ரத்தம் உறையப் பார்க்கும். அந்தக் கட்டி வால்வின் இதழைச் சிக்க வைக்கலாம், மூளைக்கு ஏறினால் பக்கவாதம். உடம்பு நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கீரை விஷயத்தில் அவர் பாவம், யாரோ தவறாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். முருங்கைக் கீரை, கங்கோங் எதையும் அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தட்டு நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் கெடுதல். ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால், ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவும் ஒரு நிலையில் நிற்கும். இந்த வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை வைப்பார்கள். அவருக்கு எவ்வளவு என்பது அவருடைய வார்ஃபரின் புத்தகத்தில் இருக்கும். அதை மறக்காமல் கொண்டு போங்கள்.

வேலையைப் பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். வார்ஃபரின் போடுபவருக்கு அரிவாள் பட்டால் ரத்தம் சட்டென்று நிற்காது. முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் ஜாமு என்ற மூலிகை மருந்தும் வேண்டாம். பல் பிடுங்கும் முன் வால்வு இருப்பதைச் சொல்ல வேண்டும், கிருமி வால்வில் போய் உட்காராமல் இருக்க முன்கூட்டியே மருந்து தருவார்கள்.

அப்புறம் ஒன்று. ராத்திரி வீடு அடங்கியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சில் ‘டிக் டிக்’ என்று கேட்கும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, விடியும் வரை காத்திருக்காமல் 999-க்கு அழையுங்கள்.