குதிகாலைப் பார்த்தீர்களா?

பராமரிப்பு இல்லங்களில் 26 வருடம் செவிலியராக வேலை பார்த்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: அன்புள்ள அக்கா, என் அம்மாவுக்கு வயது 82. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். ஏழு மாதமாகிறது. இடம் சுத்தமாக இருக்கிறது, எல்லோரும் அன்பாகப் பேசுகிறார்கள். ஆனால் போன வாரம் அம்மாவின் கையைப் பிடித்தபோது மோதிரம் கழன்று என் உள்ளங்கையில் விழுந்துவிட்டது. கேட்டால், "வயசாச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: மோதிரம் கழன்றதும் உங்கள் மனசு பதறியதே, அது வீண் பயம் இல்லை. வயதானால் கொஞ்சம் மெலிவார்கள், சரி. ஏழு மாதத்தில் மோதிரம் கழலும் அளவுக்கு மெலிந்ததற்கு வயதை மட்டும் காரணம் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் எடைப் பதிவைக் கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது எடை பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஒரே மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ தானாகக் குறைந்திருந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 45 கிலோ ஆகிவிட்டார் என்றால் அந்த 10 சதவீதம் வந்துவிட்டது. பல்செட் தளர்ந்து மெல்ல முடியாமல் போயிருக்கலாம், விழுங்கச் சிரமப்படலாம், புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை பசியைக் கெடுத்திருக்கலாம், மனம் சோர்ந்திருக்கலாம். ஊட்டிவிட ஆள் இல்லாமல் தட்டு வந்தபடியே திரும்பிப் போயிருக்கவும் கூடும். இதை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது, ஆனால் நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், போர்வையை விலக்கி அம்மாவின் குதிகாலைப் பாருங்கள். இடுப்பு முறிந்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கால் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே கிடக்கும். குதிகாலில் சதை குறைவு, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கும், ரத்தம் ஓடாது. படுக்கைப் புண் தொடங்குவது அப்படித்தான். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு மறுபடி நிறம் திரும்ப வேண்டும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால் புறங்கையை வைத்து இரண்டு குதிகாலையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் உடனே செவிலியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பாசத்தில் அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், நசுங்கிய தோல் இன்னும் கிழியும். கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். அதே போல இடுப்புக்குக் கீழே முதுகின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்திருந்தாலும் அங்கே புண் வரும். காற்று மெத்தை போட்டிருக்கிறோம் என்பார்கள். நல்லதுதான், ஆனாலும் திருப்பிப் படுக்க வைக்காமல் இருக்க முடியாது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறார்கள் என்று கேட்டால் ஒரு தாளை எடுத்துக் காட்டுவார்கள். தோலின் நிலையையும் மெத்தையையும் பொறுத்து நேரம் மாறும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய கணக்கு. நீங்கள் அந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள். நான் ஒரு இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த வாரம், மதியம் மூன்று மணிக்கு அந்தத் தாளை எடுத்தால் மாலை ஆறு மணிக் கட்டத்தில் "இடப்பக்கம் திருப்பப்பட்டது" என்று கையெழுத்தோடு இருந்தது. எழுதிய பெண் கெட்டவள் இல்லை. அன்று அவள் ஒருத்தி பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளாவது நிரம்பட்டும் என்று நிரப்பியிருக்கிறாள்.

இன்னொன்று, தண்ணீர். அதே இல்லத்தில் பக்கவாதத்தால் வலது கை விழுந்துபோன ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய தண்ணீர் டம்ளரைத் தினமும் காலையில் நிரப்பி, கட்டிலின் வலப்பக்கம் இருந்த மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். இடது கையை நீட்டினால் ஒரு முழம் எட்டாது. மாலையில் நான் பார்த்தபோது தண்ணீரின் மேல் தூசி படிந்திருந்தது, மூடி அப்படியே பக்கத்தில் கிடந்தது. பதிவேட்டில் 200 மில்லி குடித்ததாக எழுதியிருந்தது. மேசையை இடப்பக்கம் நகர்த்தினேன். ஒரே மூச்சில் குடித்தார். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும், கேட்கவும் மாட்டார்கள். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அதை மறதி என்று விட்டுவிடாதீர்கள். நீர் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், மலச்சிக்கலால்கூட அப்படி ஆகும். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். அம்மாவின் டம்ளரும் அழைப்பு மணியும் அவர் கைக்கு எட்டுகிறதா என்று, அம்மா படுத்திருக்கும்போதே அவரை எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மறதி நோய் உள்ள என் அப்பா இரவில் எழுந்து நடக்கிறார் என்று கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். தூங்குவதற்கு மாத்திரையும் கொடுக்கிறார்கள். இப்போது பகலிலும் தூங்கி வழிகிறார். பாதுகாப்புக்குத்தான் என்கிறார்கள். சரியா?

பதில்: எனக்குச் சம்மதம் இல்லை. எழுந்து நடக்கத் தெம்பு இருக்கிற, ஆனால் குழப்பத்தில் இருக்கிற ஒருவருக்குக் கம்பி போட்டால் அவர் அதன் மேல் ஏறித்தான் இறங்கப் பார்ப்பார். விழும் உயரம் கூடிவிடும். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் தலையோ கழுத்தோ சிக்கி உயிர் போனதும் உண்டு. தரையோடு தாழ்த்தக்கூடிய கட்டில், கழிப்பறை வரை மங்கலான விளக்கு, வழுக்காத செருப்பு, இவையே நல்ல பாதுகாப்பு. அப்பா எதற்கு எழுகிறார் என்று யாராவது பார்த்தார்களா? பல பேர் சிறுநீர் கழிக்கத்தான் எழுவார்கள். எழும் நேரத்தைக் குறித்து வைத்து, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழைத்துப் போனால் போதும்.

மாத்திரையின் பெயரை எழுதி வாங்குங்கள். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன், குவெட்டியபைன் போல மனநோய்க்குத் தரும் மருந்து ஏதாவது இருந்தால் கவனம் தேவை. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் மரண ஆபத்து ஏறக்குறைய 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் அந்த எச்சரிக்கையில் சேர்த்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, வேறு வழியே இல்லை என்ற நிலையில் குறைந்த அளவில் கொஞ்ச காலம் கொடுப்பதுண்டு. இரவுப் பணியில் ஆள் பற்றவில்லை என்பது அதற்குக் காரணமாகாது. எதற்காகத் தொடங்கினார்கள், எப்போது மறுபரிசீலனை செய்வார்கள் என்று எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: குறை சொன்னால் அந்தக் கோபத்தை அம்மாவிடம் காட்டிவிடுவார்களோ என்று பயந்து வாயே திறப்பதில்லை. எனக்குக் கேட்க உரிமை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. இல்லத்தில் வாழும் முதியவர்களின் கண்ணியமும், அந்தரங்கமும், தங்கள் பராமரிப்பைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையும் மதிக்கப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1991-லேயே தீர்மானம் போட்டிருக்கிறது. அம்மாவுக்காகத்தான் நீங்கள் பேசுகிறீர்கள். உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. அடிக்கடி, நேரம் மாற்றி மாற்றிப் போய்வாருங்கள். ஆள் வந்து போகிற படுக்கையில் யாரும் எளிதில் கை வைக்க மாட்டார்கள். தேதி, நேரம், பார்த்தது என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "யாருமே கவனிப்பதில்லை" என்று பொதுவாகச் சொன்னால் மறுத்துவிடுவார்கள். "செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு டயப்பர் முதுகு வரை நனைந்திருந்தது" என்றால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடித்த தடமோ, விரல் பதிந்த காயமோ பார்த்தால் மட்டும் இந்த நிதானம் எதுவும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடமும் அதிகாரிகளிடமும் போங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இல்லத்துக்கு ஒரு மகள் வருவார். வந்ததும் எங்களிடம்தான் முதலில் கேட்பார், "நேற்று ராத்திரி எத்தனை பேர் இருந்தீங்க?" நாற்பது பேருக்கு இரண்டு பேர் என்று உண்மையைச் சொன்னோம். அவர் எங்களைத் திட்டவில்லை. மற்ற குடும்பங்களிடமும் பேசிக் கையெழுத்து வாங்கி, இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள், அவரும் விடவில்லை. மூன்றாவது ஆள் வந்த பிறகுதான் விடிவதற்குள் எல்லோரையும் நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைக்க எங்களால் முடிந்தது.