கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் குடும்பத்தோடு குடியிருக்கலாமா?

"வேலை மாறுதலில் திருநெல்வேலிக்கு வருகிறோம். கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றை ஒட்டி வீடு கிடைக்கும் போலிருக்கிறது. எல்லாத் தரப்பு மக்களும் இருக்கிற, வேகமாக மாறுகிற இடம் என்கிறார்கள். குடும்பத்துக்குத் தோதுப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோதுப்படும். நான் வளர்ந்தது இந்தக் கரையில்தான், என் பிள்ளைகள் வளர்வதும் இங்கேதான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி ஆற்றின் போக்குத் தெரியாமல் இங்கே நிம்மதியாக இருக்க முடியாது. அதைச் சொல்லித்தர இங்கே நெடுநாள் இருக்கிற அக்கம்பக்கத்தாரை விட்டால் ஆளில்லை. ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாழ நினைக்கிறவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது.

ஊரின் அமைப்பைச் சொன்னால் விளங்கும். ஆற்றுக்கு மேற்கே டவுனும் சந்திப்பும், கிழக்கே பாளையங்கோட்டை. இரண்டையும் இணைக்கிற சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர் பதவியில் இருந்த முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. அதற்கு முன்னால் இக்கரைக்காரர் அக்கரைக்குப் போகப் படகை நம்பித்தான் இருக்க வேண்டும். பாலம் இறங்கும் இடத்தில்தான் கொக்கிரகுளமும் வண்ணார்பேட்டையும் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகம் இங்கே, ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. மனு கொடுக்க வருகிறவர்கள், பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள், பாளையில் பிள்ளைகளைப் படிக்கவைக்க மானூர், நாங்குநேரிப் பக்கமிருந்து குடிவந்தவர்கள் என்று மாவட்டமே இந்த வழியாகத்தான் நடக்கிறது. கொஞ்சம் தெற்கே போனால் முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையம். இப்போது ஒடிசா, பீகாரிலிருந்து ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் படித்துறைக்கு வாருங்கள். கோயிலுக்குப் போகும் முன் முங்கி எழுகிற பெரியவர் ஒரு படியில். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருக்கிறவர் ஒரு படியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். போர்வை துவைக்கிற பெண்கள் கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். எங்கள் தெரு ஆச்சி ஒருவர் தினமும் வருகிறார். வடக்கிலிருந்து வந்த பையன்கள் தண்ணீரில் இறங்கினால் அவர் துவைப்பதை நிறுத்திவிடுவார். தமிழ் புரியாதே என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது. "அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போகாதே ஐயா, பள்ளம் கிடக்கு!" என்று ஈரச் சேலையைத் தலைக்கு மேலே ஆட்டிக் கத்துவார். பையன்கள் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். அவர் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. மணல் அள்ளிய இடங்களில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கிறது, மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாக ஓடும். நீச்சல் தெரிந்தவர்களே அதில் போயிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளை முதல் தடவை ஆற்றுக்கு அனுப்பும்போது இப்படிப்பட்ட ஒருவரோடு அனுப்புங்கள்.

வீடு தேடும்போது நடக்கப்போவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய தெருக்களில் வீட்டுக்காரர் முதலில் "எந்த ஊர்?" என்று கேட்பார். ஊரைச் சொன்னதும் "அங்கே எந்தத் தெரு?" என்பார். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது உங்கள் சாதியை. பதில் அவருக்குப் பிடிக்காவிட்டால் நேற்றே வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொல்வார், பலகை மட்டும் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். முஸ்லிம் நண்பர்களுக்கும் தலித் நண்பர்களுக்கும் இது நடந்ததை உடன் நின்று பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. படித்துறையில் பக்கத்துப் படியில் குளிக்கிறவருக்கு வீட்டைக் கொடுக்க மனம் வராத ஊர் இது.

இந்த ஒரு விஷயத்தில் அடுக்குமாடிகள் நல்லதையே செய்திருக்கின்றன என்பேன். பணத்தைக் கட்டினால் சாவி, தெருப் பெயர் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்த கட்டடத்தில் ஒரே மாடியில் மேலப்பாளையத்துக் குடும்பம், பாளையில் வேலை பார்க்கிற கிறிஸ்தவ ஆசிரியை, சங்கரன்கோவிலிலிருந்து வந்த வங்கி ஊழியர் என்று இருக்கிறார்கள். பழைய தெருவில் இது நடந்திருக்காது. ஆனால் குழாயில் தண்ணீர் வருவதால் அவர்கள் ஆற்றுப் பக்கமே வருவதில்லை. பாளையங்கால்வாய் பாய்ந்த வயல்கள் மனைகளான பிறகு, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடப் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்கு விலை கொடுத்தது 2023 டிசம்பரில். 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அணைகளுக்குக் கீழே பெய்கிற மழையும், கடனாநதியும் பச்சையாறும் கொண்டுவருகிற வெள்ளமும் அதோடு சேரும் என்பது பழைய ஆட்களுக்குத்தான் உறைத்தது. எங்கள் தெருவில் 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த தாத்தா ஒருவர் இருக்கிறார். அன்று சாயங்காலமே வீடு வீடாக வந்து, "அப்போது இந்தத் திண்ணை வரைக்கும் நின்றது, சாமான்களை மேலே ஏற்றுங்கள்" என்றார். கேட்டவர்கள் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் மாடிக்கு ஏற்றினோம். பின்னால் இருந்த கட்டடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. அங்கே தரைக்குக் கீழே நிறுத்தியிருந்த கார்கள் அத்தனையும் மூழ்கின.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நாங்கள் வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். வந்தது குளியலறைச் சாக்கடை வழியாக. தரையில் இருந்த சல்லடை மூடி மெல்லத் தூக்கிக்கொண்டு மிதந்தது, கறுத்த தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது. அரை மணி நேரத்தில் கட்டில் நனைந்துவிட்டது. மின்சாரமும் இல்லை, கைபேசியும் எடுக்கவில்லை. அந்த ஆசிரியைதான் தன் வீட்டுக் கதவைத் திறந்து எங்கள் அம்மாவுக்குக் கட்டிலைக் கொடுத்தார். அதுவரை நாங்கள் அவரோடு பேசியதில்லை. வடிந்த பிறகு மேலப்பாளையத்து இளைஞர்கள் அண்டாவில் சோறு கொண்டுவந்தார்கள், அதே ஆச்சி ஈயக்கரண்டியை வாங்கிக்கொண்டு தெருவுக்கே பரிமாறினார். இப்போது மழை என்றால் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சொல்லிக்கொள்கிறோம்.

ஆற்றின் இன்றைய நிலை பற்றிச் சொன்னால் சங்கடமாக இருக்கிறது. சாக்கடை இன்னும் பல இடங்களில் நேராக ஆற்றில் விழுகிறது. கோடையில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) கரையோரம் மூடிக்கொள்ளும், கொசுவும் அதிகம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே 2024-இல் நேரில் வந்து பார்த்தார்கள். வற்றாத ஆறு என்று பெருமை பேசுகிற நாம் அதில் எதை விடுகிறோம் என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை. குளிப்பதாக இருந்தால் சாக்கடை விழும் இடத்துக்கு மேலே போய்க் குளியுங்கள்.

போக்குவரத்து, இரைச்சல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்ணார்பேட்டையில் நகைக்கடை, துணிக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பெருகிவிட்டதால் சாயங்காலம் நெரிசல் உண்டு, பழகிவிடும்.

ஜூலை 23 அன்று கரையில் கூட்டத்தையும் ஆற்றில் மலர் தூவுகிறவர்களையும் பார்ப்பீர்கள். 1999-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, ஆற்றில் இறங்கி ஓடிய 17 பேர் இறந்துபோனார்கள். அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. இங்கே குடிவரும் யாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை: தரகர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் 1992-இலும் 2023-இலும் இந்த வீட்டில் தண்ணீர் எது வரை நின்றது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார். தரைத்தளம் வேண்டாம். குளியலறைச் சாக்கடைக்குத் திரும்பி வராமல் தடுக்கிற அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரரைப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் வந்து தெருவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சித்திரையில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.